தூக்குத் தண்டனைக்கு மூணு வருஷம் கழிச்சு பிரதமர் பதவி

போன மாசம் ஒரு கல்யாணப் பந்தியில் மாமாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தது என் தப்புதான். சாம்பார் முடிஞ்சு ரசம் வர்றதுக்குள்ள ஆரம்பிச்சுட்டார்.

"மாப்ளே, இந்த நாடு உருப்படணும்னா ஒரே வழிதான். நல்ல ஸ்ட்ராங்கான ஆளு ஒருத்தன் கையில அஞ்சு வருஷம் குடுத்துடணும். எலக்‌ஷன் கிலக்‌ஷன் எதுவும் கூடாது. எமர்ஜென்சியில ரயிலெல்லாம் எப்படி டயத்துக்கு வந்துச்சு தெரியுமா?"

எதிர் வரிசையில் ரெண்டு பேர் தலையாட்டினாங்க. நான் அப்பளத்தை நொறுக்கிட்டு இருந்தேன். பெரியவர், அதுவும் கல்யாண வீடு. என்னத்த வாதாட? தவிர, காலேஜ் படிக்கும்போது நானே இதை எத்தனை டீக்கடையில் பேசியிருக்கேன்னு எனக்குத்தான் தெரியும். சக பதிவர்கள் சிலரும் பேசியிருப்பீங்க, இல்லைன்னு சொல்லாதீங்க :-)

ஆனா அந்த "அஞ்சு வருஷம்" மட்டும் மனசுல மாட்டிக்கிச்சு. ஏன்னா சரியா அதே அஞ்சு வருஷத்தைத்தான் 1965 நவம்பரில் காங்கோவின் ராணுவத் தளபதி ஜோசப் மொபுட்டு கேட்டார். அரசியல்வாதிகள் அஞ்சு வருஷமா நாட்டைக் கெடுத்துட்டாங்க, சரி பண்ண எனக்கு ஒரு அஞ்சு வருஷம் வேணும்னு. 1997 மே மாசம் வரைக்கும் சரி பண்ணிட்டே இருந்தார். கிட்டத்தட்ட 32 வருஷம்.

இவரைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைப்பு. சர்வாதிகாரின்னா நமக்கு ஹிட்லர், ஸ்டாலின், மிஞ்சிப்போனா இடி அமீன். எதிர்த்துப் பேசினா தொலைச்சுக் கட்டிடுவான், அதனால எல்லாரும் பயந்து கிடப்பாங்க, இதான் நம்ம மனசுல இருக்கிற படம். மொபுட்டுவும் கொலை பண்ணினவர்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனா 32 வருஷம் அவரை நாற்காலியில் வச்சிருந்தது கொலை இல்லைங்கறது என் கட்சி. மன்னிப்புதான் அவரைக் காப்பாத்துச்சு. அதைத்தான் சொல்ல வர்றேன். கொஞ்சம் நீளமான பதிவு, ஆணி அதிகம் இருக்கறவங்க வீட்டுக்குப் போய்ப் படிங்க.

முதலில் கொலைகளைச் சொல்லிடறேன், இல்லைன்னா ஆளுக்கு வெள்ளை அடிக்கிற மாதிரி ஆகிடும்.

1960 ஜூன் 30 அன்னிக்கு பெல்ஜியத்திடம் இருந்து காங்கோவுக்கு விடுதலை. முதல் பிரதமர் பாத்ரிஸ் லுமும்பா. மொபுட்டு அவரோட ஆள். பத்திரிகைக்காரரா இருந்தவரைக் கூடவே வச்சிருந்து, ராணுவத்தில் கலகம் வந்தப்போ படைத் தலைமைக்கு அனுப்பினதே லுமும்பாதான். ரெண்டரை மாசத்தில், செப்டம்பர் 14 அன்று, அந்த ஆளே ஆட்சியைப் பிடிச்சுட்டார். அமெரிக்க சி.ஐ.ஏ.வோட ஆசீர்வாதமும் இருந்துச்சு. லுமும்பாவைப் பிடிச்சு, அவரை ஜென்ம விரோதியா நினைச்ச கடாங்கா மாகாணத்துக்கு விமானத்தில் அனுப்பி வச்சாங்க. 1961 ஜனவரி 17, போன அன்னிக்கு ராத்திரியே கொன்னுட்டாங்க.

அப்புறம் கொஞ்ச நாள் அதிகாரத்தை மத்தவங்க கையில் விட்டுட்டு, 1965-ல் மறுபடி, இந்த முறை முழுசா எடுத்துக்கிட்டார். ஆறு மாசம் கழிச்சு முன்னாள் பிரதமர் எவரிஸ்ட் கிம்பாவும் இன்னும் மூணு முன்னாள் மந்திரிகளும் சதி பண்ணினாங்கன்னு ராணுவ நீதிமன்றத்தில் ஒரு அவசர விசாரணை. 1966 ஜூன் 2 அன்னிக்கு தலைநகரில், பல்லாயிரக்கணக்கான ஜனங்க பார்க்கப் பார்க்க, நாலு பேரையும் பொது இடத்தில் தூக்கில் போட்டாங்க. 1968-ல் பியர் முலேலேங்கிற கிளர்ச்சித் தலைவர். ஆத்துக்கு அந்தப் பக்கம் பிராஸாவில்லில் இருந்தார். பொது மன்னிப்புன்னு சொல்லி, வெளியுறவு மந்திரியையே அனுப்பி அழைச்சுட்டு வந்தாங்க. வந்தவருக்கு விருந்தெல்லாம் நடந்துச்சு. சில நாளில் பிடிச்சு, சித்திரவதை பண்ணிக் கொன்னாங்க. பொது மன்னிப்பு போர்க் குற்றவாளிகளுக்குப் பொருந்தாதுன்னு விளக்கம்.

இதெல்லாம் முதல் மூணு நாலு வருஷக் கதை. இதுக்கப்புறம்தான் ஆள் மாறறார். நல்லவரா மாறினார்னு சொல்லலை. கெட்டிக்காரரா மாறினார். கொன்னா ஒரு தியாகி உருவாவான், அவன் சாதிசனம் மொத்தமும் பகையாகும். அதுக்குப் பதிலா ஆளை உயிரோட வச்சு, அசிங்கப்படுத்தி, திரும்ப வேலைக்குக் கூப்பிட்டா? தியாகியும் இல்லை, பகையும் இல்லை. சம்பளம் மட்டும்தான் செலவு. அதுவும் நாட்டோட காசு.

(செத்தவங்களையும் விடலை மனுஷன். தான் விமானம் ஏத்தி அனுப்பின அதே லுமும்பாவை 1966-ல் தேசிய வீரர்னு அறிவிச்சார். லுமும்பா பேரைச் சொல்லி எவனும் எதிர்க் கட்சி நடத்த முடியாதபடி பேரையே அரசாங்கச் சொத்தாக்கிட்டார். இந்த வித்தையை நாம நம்ம பக்கத்திலும் பார்த்திருக்கோம், ஆனா அது வேற பதிவு.)

இப்போ நுகுசா கதைக்கு வரேன். முழுப் பேர் நுகுசா கார்ல்-இ-போண்ட். கடாங்காவின் மோயிஸ் சோம்பே இருக்காரே, லுமும்பாவின் பரம எதிரி, அவருக்கு உறவு. படிச்சவர், நல்லாப் பேசுவார். 1970களின் தொடக்கத்திலேயே வெளியுறவு மந்திரி. வெளிநாட்டுப் பத்திரிகைக்காரங்களுக்கெல்லாம் பிடிச்ச ஆள். அதான் வினையாப் போச்சு. மொபுட்டுவுக்கு அப்புறம் யாருன்னு யாராவது பேச ஆரம்பிச்சா, அந்த "யாரு"வுக்கு அன்னிலேர்ந்து ராகு காலம்.

1977-ல் அங்கோலா பக்கமிருந்து கடாங்கா கிளர்ச்சிக்காரங்க படையெடுத்து வந்தாங்க. (அப்போ கடாங்காவுக்கு ஷாபான்னு பேர் மாத்தியாச்சு. காங்கோவே 1971-லேர்ந்து ஜயர். பழைய பள்ளிக்கூட அட்லஸ் வச்சிருக்கறவங்க பார்த்திருப்பீங்க.) மொபுட்டுவின் சொந்த ராணுவம் சண்டை போடற நிலைமையில் இல்லை, பிரான்ஸ் விமானங்களில் மொராக்கோ படை வந்துதான் காப்பாத்துச்சு. படையெடுப்பு வரப் போகுதுன்னு நுகுசாவுக்கு முன்னாடியே தெரியும், சொல்லாம மறைச்சார்ங்கிறது குற்றச்சாட்டு. தேசத் துரோகம். மரண தண்டனை. சிறையில் தன்னை எப்படியெல்லாம் சித்திரவதை பண்ணினாங்கன்னு பின்னாடி அவரே வெளியில் சொல்லியிருக்கார், அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

தூக்கு ஆயுள் தண்டனையாச்சு. ஒரு வருஷத்துக்குள் விடுதலையும் ஆச்சு. 1979-ல் அதே நுகுசா அதே வெளியுறவு மந்திரி! 1980 ஆகஸ்டில் பிரதமர்!

கொஞ்சம் நிறுத்தி யோசிச்சுப் பாருங்க. உங்களுக்குத் தூக்குன்னு கையெழுத்து வாங்கினவன், உடம்பில் அழியாத தழும்பு போட வச்சவன், கூப்பிட்டு நாற்காலி குடுக்கறான். நீங்க போய் உட்கார்றீங்க. மந்திரிசபைக் கூட்டத்தில் தினம் அவன் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்றீங்க. சுத்தி உட்கார்ந்திருக்கிற மத்த மந்திரிகள் உங்களைப் பார்த்து என்ன படிச்சுக்குவாங்க? தலைவரால எதையும் பண்ண முடியும், எதையும் திருப்பவும் முடியும். நம்ம உயிரும் அவர் கையில, நம்ம பதவியும் அவர் கையில. நுகுசாவைப் பிரதமராக்கினதில் நுகுசாவுக்குக் கிடைச்ச பாடத்தைவிட, பார்த்துக்கிட்டு இருந்தவங்களுக்குக் கிடைச்ச பாடம் பெரிசு.

கதை முடியலை. 1981 ஏப்ரலில் நுகுசா பெல்ஜியத்துக்கு ஓடிட்டார். ஓடினவர் சும்மா இருக்கலை. அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னாடி போய் மொபுட்டுவின் கொள்ளையைப் பத்திச் சாட்சி சொன்னார். 1982-ல் ஒரு புத்தகமே எழுதினார், ஜயரைப் பிடிச்ச பீடையின் அவதாரமே மொபுட்டுதான்கிற மாதிரி தலைப்பு வச்சு. வெளிநாட்டில் இருந்த எதிர்ப்பாளர்களுக்கெல்லாம் இவர்தான் நம்பிக்கை. 1985-ல் நாடு திரும்பினார். 1986-ல் வாஷிங்டனுக்குத் தூதர்! அதாவது, எந்த ஊரில் போய் மொபுட்டுவைத் திருடன்னு சொன்னாரோ, அதே ஊருக்கு மொபுட்டுவின் பிரதிநிதியா. இதை யோசிச்சுப் பண்ணினவனுக்கு நகைச்சுவை உணர்ச்சி இல்லைன்னு சொல்ல முடியாது. 1988-ல் திரும்ப வெளியுறவு மந்திரி.

இந்த இடத்தில் எல்லாரும் நுகுசாவைக் காறித் துப்பலாம். நானும் முதலில் படிச்சப்போ அப்படித்தான் நினைச்சேன். ஆனா என் கதை ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லாம மேலே போனா அயோக்கியத்தனம்.

ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு இடத்தில் வேலை பார்த்தேன். பேர் வேண்டாம். அங்கே ஒரு மேலாளர். ஒரே வேலையை ரெண்டு பேர்கிட்ட தனித்தனியாக் குடுப்பார், ஒருத்தனைப் பத்தி இன்னொருத்தன்கிட்ட விசாரிப்பார். நானும் இன்னொரு நண்பனும் சேர்ந்து, ஓவர்டைம் காசு விஷயமா மேலிடத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினோம். ரெண்டு பேர் கையெழுத்தும் இருந்துச்சு. நாலாம் நாள் மேலாளர் என்னை மட்டும் கூப்பிட்டார். திட்டுவார்னு போனா டீ வாங்கிக் குடுத்தார். "உனக்குள்ள ஒரு லீடர் இருக்கான்யா, இவ்வளவு நாள் கவனிக்காம விட்டது என் தப்பு"ன்னார். அடுத்த மாசம் எனக்கு ஒரு படி உயர்வு, மூவாயிரம் ரூபாய் அதிகம். வீட்டில் அப்போ பொண்ணு பிறந்த நேரம். வாங்கிக்கிட்டேன். நண்பனுக்கு எதுவும் நடக்கலை, அதுவே அவனுக்குப் போதுமான தண்டனையா இருந்துச்சு. அதுக்கப்புறம் அந்த இடத்தில் யாரும் யாரோடயும் சேர்ந்து கையெழுத்துப் போடலை. அவன் ஆறு மாசத்தில் வேலையை விட்டான். நான் தப்பு பண்ணினதா அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சாப்பிடும்போது மட்டும் வேற மேஜைக்குப் போய் உட்கார ஆரம்பிச்சான்.

மூவாயிரம் ரூபாய்க்கு நான். நுகுசாவுக்கு எதிர்ப்பக்கம் இருந்ததோ தூக்குக் கயிறு. அதனால துப்பறது என் வேலை இல்லை.

நிற்க. இது ஒருத்தர் கதை இல்லை, ஒரு முறை. மந்திரிகளை ஒரு இடத்தில் நிலையா உட்கார விட மாட்டார் மொபுட்டு. வருஷத்துக்கு ஒரு தடவையாவது கலைச்சுப் போடுவார். மாகாண ஆளுநர்களைச் சொந்த மாகாணத்தில் போட மாட்டார், உள்ளூர் ஜனங்க பின்னாடி நின்னுடக் கூடாதே. 1973 நவம்பரில் வெளிநாட்டுக்காரங்க நடத்தின கடைகள், தோட்டங்கள், தொழில்களை எல்லாம் பிடுங்கி நாட்டு மக்களுக்குத் தரப் போறேன்னார். கேட்க நல்லாத்தான் இருந்துச்சு. போனது கட்சிக்காரங்களுக்கும் சொந்தக்காரங்களுக்கும். போர்ச்சுகீசியர், கிரேக்கர், நம்ம பக்கத்து வியாபாரிகள்னு பல பேர் நடத்தின கடைகள், நடத்தத் தெரியாதவங்க கையில் போய், இருந்த சரக்கை வித்துத் தின்னுட்டுக் காலியாச்சு. ரெண்டு மூணு வருஷத்தில் பாதியைப் பழைய ஆட்களிடமே திருப்பிக் குடுக்க வேண்டி வந்துச்சு. பொருளாதாரமாப் பார்த்தா முட்டாள்தனம். அரசியலாப் பார்த்தா? திருட்டுச் சொத்து வச்சிருக்கிறவன் வாயைத் திறக்க மாட்டான். என்னிக்கு வேணும்னாலும் கணக்குக் கேட்கலாம்ல? திருடறதா இருந்தா நாசூக்கா, கொஞ்சமாத் திருடுங்கன்னு மேடையிலேயே சொன்ன ஆள் அவர். எல்லாரையும் திருடனாக்கி வைக்கிறது எல்லாரையும் சிறையில் வைக்கிறதைவிடச் செலவு கம்மி.

தேர்தலும் நடத்தினார் தெரியுமோ? 1970-ல். ஒரே வேட்பாளர். பச்சைச் சீட்டுன்னா நம்பிக்கை, சிவப்புச் சீட்டுன்னா குழப்பம். ஒரு கோடிக்கும் மேல் பச்சை விழுந்துச்சு, சிவப்பு 157. அந்த 157 பேர் யாருன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை. வீரர்களா, நிறக்குருடர்களா? கட்சியும் ஒண்ணுதான், குடிமகன் ஒவ்வொருத்தனும் பிறந்ததுமே உறுப்பினர். ராத்திரி டிவி செய்தி ஆரம்பிக்கும்போது மேகத்துக்கு நடுவிலிருந்து தலைவர் முகம் இறங்கி வரும். 1974-ல் முகமது அலி - ஜார்ஜ் ஃபோர்மன் குத்துச்சண்டையைக் கின்ஷாசாவுக்குக் கொண்டு வந்து ஆளுக்கு 50 லட்சம் டாலர் குடுத்தது இதே மனுஷன்தான். சொந்த ஊர் பாடோலிட்டேவில், காட்டு நடுவில், பளிங்கு மாளிகையும் கன்கார்ட் விமானம் இறங்கற ஓடுதளமும் கட்டினார். நாட்டின் மத்த சாலைகளைக் காடு விழுங்கிட்டு இருந்துச்சு.

மாமா பேசின "ஸ்ட்ராங்" விஷயத்துக்கு இங்கேதான் பதில் இருக்கு. ஆளு ஸ்ட்ராங். ஆனா அவர் ஸ்ட்ராங்கா இருக்கணும்னா மத்தது எல்லாம் நோஞ்சானா இருக்கணும். நல்ல சாலை இருந்தா கலகக்காரன் லாரியில் வந்துடுவான். நல்ல ராணுவம் இருந்தா நல்ல தளபதி இருப்பான், நல்ல தளபதி என்ன பண்ணுவான்னு மொபுட்டுவுக்குத் தெரியாதா? அவரே அப்படி வந்தவர்தானே! அதனால வழக்கமான ராணுவத்துக்குச் சம்பளம் ஒழுங்காப் போகாது. தனியா ஒரு சிறப்பு அதிபர் படை, இஸ்ரேல்காரங்க பயிற்சியில், தன் சொந்த மாகாணத்து ஆட்களா, தன் இனத்துத் தளபதியின் கீழ். அதுக்கு மேல தனியா ஒரு சிவில் காவல் படை, அதுக்கும் தன் இனத்து இன்னொரு தளபதி. ஒண்ணை ஒண்ணு வேவு பார்க்கும். நாட்டைக் காக்கத்தான் யாருமில்லை. 1977-ல் மொராக்கோ, 1978-ல் கொல்வேசியில் பிரெஞ்சுப் படைனு வெளியூர்க்காரன் வந்து காப்பாத்த வேண்டியிருந்துச்சு.

வெளியூர்க்காரன் ஏன் வந்தான்? கம்யூனிஸ்ட் அங்கோலாவுக்குப் பக்கத்தில் நமக்கு வேண்டிய ஆள் ஒருத்தன் வேணும், செம்பும் கோபால்ட்டும் வேணும். 1963-ல் கென்னடியில் ஆரம்பிச்சு 1989-ல் அப்பா புஷ் வரைக்கும் வெள்ளை மாளிகையில் அவருக்கு விருந்து உண்டு. 1978-ல் எர்வின் புளுமெந்தால்னு ஒரு ஜெர்மானியரை ஐ.எம்.எஃப். ஜயர் மத்திய வங்கியை ஒழுங்கு பண்ண அனுப்புச்சு. ஒரு வருஷத்தில் ஆள் வெறுத்துப் போய்த் திரும்பினார். கடன் குடுத்தவங்களுக்குப் பணம் திரும்பி வரவே வராதுன்னு அறிக்கை எழுதினார். அறிக்கை 1982-ல் வெளியேயும் கசிஞ்சுச்சு. அதுக்கப்புறமும் கடன் குடுத்தாங்க. மாமா மாதிரியே யோசிச்ச வெள்ளைக்கார மாமாக்கள்: இவன் இல்லைன்னா குழப்பம்தான்!

எல்லாரும் வாங்கிக்கிட்டாங்களான்னு கேட்டா, இல்லை. எத்தியென் சிசெகெடின்னு ஒருத்தர். அவரும் சுத்தத் தங்கம் இல்லை. 1960களில் மொபுட்டுவின் உள்துறை மந்திரி, ஒற்றைக் கட்சி ஆட்சியைக் கட்டி எழுப்பினதில் அவருக்கும் பங்கு உண்டு. 1980-ல் 13 நாடாளுமன்ற உறுப்பினர்கள் சேர்ந்து மொபுட்டுவுக்கு 52 பக்கத்தில் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினாங்க, அதில் ஒருத்தர். சிறை, அடி, கிராமத்துக்கு நாடு கடத்தல், விடுதலை, திரும்பச் சிறை. 13 பேரில் சிலர் பின்னாடி சமாதானமாப் போய்ப் பதவி வாங்கிக்கிட்டாங்க. அந்த வேற மேஜை என் ஞாபகத்துக்கு வருது. சிசெகெடி மட்டும் பிடிவாதம்.

1990 ஏப்ரல் 24 அன்று மொபுட்டு கண்ணீரோட ஒரு உரை. பெர்லின் சுவர் விழுந்தாச்சு, அமெரிக்காவுக்கு இவர் தேவை குறைஞ்சாச்சு. இனி பல கட்சி ஆட்சின்னார். எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்து என்ன ஆச்சு? கொஞ்ச நாளில் 200-க்கும் மேல் கட்சிகள்! ஒரு டாக்ஸியில் அடங்கற கட்சியெல்லாம் இருந்துச்சு. பாதிக்குப் பணம் எங்கேர்ந்து போச்சுன்னு சொல்லணுமா? ஒரு எதிர்க்கட்சி இருந்தா ஆபத்து, இருநூறு இருந்தா திருவிழா. நம்ம தேர்தல்களில் ஒரே பேரில் நாலு சுயேச்சை நிக்கறதைப் பார்த்தவங்களுக்கு இது சட்டுனு புரியும்.

உண்மையான எதிர்ப்பு மூணு பெரிய கட்சிகளின் கூட்டணியில் இருந்துச்சு. சிசெகெடி ஒருத்தர். இன்னொருத்தர் யாரு? நம்ம நுகுசாவேதான், இப்போ தனிக் கட்சி. 1991 செப்டம்பரில் சம்பளம் கிடைக்காத சிப்பாய்கள் கின்ஷாசாவைச் சூறையாடினாங்க. வேற வழியில்லாம மொபுட்டு சிசெகெடியைப் பிரதமராக்கினார். பதவிப் பிரமாணப் பத்திரத்தில் மொபுட்டுவை நாட்டின் காவலர்னு சொல்ற வார்த்தைகளைப் பேனாவால் அடிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டார் சிசெகெடி. சில வாரத்தில் வேலை போச்சு. அடுத்து அதே எதிர்ப்பு அணியிலிருந்து இன்னொருத்தர் பிரதமர், ஒரு மாசம். அதுக்கும் அடுத்து, 1991 நவம்பரில், நுகுசா. இரண்டாவது தடவை பிரதமர். கூட்டணி சிதறிப் போச்சு. ஒரு குண்டுகூடச் செலவில்லை.

செலவில்லைன்னு எழுதிட்டேன். தப்பு. குண்டு கொஞ்ச நாளில் வந்துச்சு. புது அரசமைப்பை எழுத தேசிய மாநாடு ஒண்ணு நடந்துட்டு இருந்துச்சு. 1992 ஜனவரியில் நுகுசா அதை நிறுத்தி வச்சார். திரும்பத் திறக்கச் சொல்லி பிப்ரவரி 16, ஞாயித்துக்கிழமை, கிறிஸ்தவர்கள் பாட்டுப் பாடிக்கிட்டு ஊர்வலம் போனாங்க. படைகள் சுட்டதில் பத்துக் கணக்கில் செத்தாங்க. பிரதமர் யாரு? 1977-ல் அதே ஆட்சியிடம் அடிவாங்கினவர். அதே வருஷம் கடாங்காவில் நுகுசா கட்சி ஆளுநர், காசாய்க்காரங்க எல்லாரும் வெளியே போங்கன்னு கிளப்பி விட்டார். சிசெகெடி காசாய் ஆள், அதான் காரணம். பல தலைமுறையா அங்கே சுரங்கத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்த்த லட்சக்கணக்கான காசாய் ஜனங்க மூட்டை முடிச்சோட ரயில் நிலையங்களில் வாரக் கணக்கில் கிடந்தாங்க. வழியிலேயே செத்தவங்க எத்தனையோ பேர். மன்னிப்புக் குடுத்து வாங்கின ஆளை வச்சு என்னென்ன செய்ய முடியும்னு பார்த்தீங்களா? தன் கையில் ரத்தம் படாம, பழைய எதிரி கையில் படற மாதிரி.

என் மூவாயிரம் ரூபாய் விஷயத்தில் நான் எனக்கே சொல்லிக்கிற சமாதானம், யாருக்கும் பெரிசா ஒண்ணும் ஆகலையேங்கறது. நுகுசாவும் 1979-ல் அதையேதான் சொல்லிக்கிட்டிருப்பார்னு நினைக்கிறேன்.

மீதியைச் சுருக்கமா முடிச்சுடறேன். 1992 ஆகஸ்டில் தேசிய மாநாடு சிசெகெடியையே பிரதமராத் தேர்ந்தெடுத்துச்சு. மொபுட்டு அவரை நீக்கிட்டு, சிசெகெடி கட்சி ஆளையே போட்டிப் பிரதமராக்கினார். ஒரே நாட்டில் ரெண்டு பிரதமர். இதுக்கு நடுவில் 50 லட்சம் ஜயர் மதிப்பில் ஒரு புது நோட்டு அடிச்சாங்க, அது செல்லாதுன்னு சிசெகெடி சொன்னார். 1993 ஜனவரியில் அதையே சிப்பாய்களுக்குச் சம்பளமாக் குடுத்தாங்க, கடைக்காரங்க வாங்க மாட்டேன்னுட்டாங்க, சிப்பாய்கள் துப்பாக்கியோட தெருவில் இறங்கிட்டாங்க. அந்தக் கலவரத்தில் பிரெஞ்சுத் தூதரே செத்தார். அப்படியும் மொபுட்டு ஆட்டம் காணலை, இன்னும் நாலு வருஷம் ஓடுச்சு. எதிரிகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க.

கடைசியில் கவுத்தது உள்ளூர் எதிரி யாருமில்லை. 1996-ல் ருவாண்டாவும் உகாண்டாவும் பின்னாடி நின்னு, லோரான் கபிலாவை முன்னாடி வச்சு, கிழக்கேயிருந்து கிளம்பினாங்க. புராஸ்டேட் புற்றுநோய்க்கு மொபுட்டு சுவிட்சர்லாந்தில் வைத்தியம் பார்த்துட்டு இருந்தார். நோஞ்சானா வளர்த்த ராணுவம் நோஞ்சானாத்தான் சண்டை போட்டுச்சு. பல ஊர்களில் சண்டை போடறதுக்குப் பதிலா ஊரைக் கொள்ளையடிச்சுட்டு ஓடுச்சு. ரத்தமில்லாம கின்ஷாசாவை ஒப்படைக்கப் பேசிக்கிட்டு இருந்த தளபதி மாஹேலேயை அதிபர் படைக்காரங்களே சுட்டுக் கொன்னாங்க. 1997 மே 16-ல் மொபுட்டு தலைநகரை விட்டுக் கிளம்பினார். பாடோலிட்டேவிலிருந்து விமானம் மேலே ஏறும்போது கீழேயிருந்து சொந்தச் சிப்பாய்களே சுட்டாங்க. செப்டம்பர் 7 அன்று மொராக்கோவில் ரபாத்தில் செத்தார். அங்கேயே புதைச்சாங்க. அவர் போனப்புறம் நடந்த போர்களில் செத்தவங்க கணக்கு லட்சங்களில். தாங்கிப் பிடிக்க ராணுவமோ, நீதிமன்றமோ, ஒருத்தரை ஒருத்தர் நம்பற நாலு அரசியல்வாதிகளோ மிச்சமில்லை. கோடி கோடியாச் சேர்த்தார்னு சொன்ன பணத்தில் சுவிட்சர்லாந்தில் அகப்பட்டது சுமார் 77 லட்சம் ஃபிராங்க். 2009-ல் அதையும் வாரிசுகளுக்கே திருப்பிக் குடுத்துட்டாங்க.

நுகுசா 2003-ல் கின்ஷாசாவில் காலமானார். எத்தியென் சிசெகெடி 2017 பிப்ரவரியில். அவர் மகன் ஃபெலிக்ஸ் 2019 ஜனவரியில் அதிபராப் பதவியேற்றார். அந்தத் தேர்தலில் பழைய அதிபர் கபிலா மகனோட உள்ளுக்குள் உடன்பாடு பண்ணிக்கிட்டுத்தான் வந்தார்னு பேச்சு பலமா இருந்துச்சு.

அதைவிட எனக்குப் பிடிச்சது 2007-ல் அமைஞ்ச மந்திரிசபை. அதிபர், மொபுட்டுவை விரட்டின கபிலாவின் மகன். பிரதமர், லுமும்பாவின் துணைப் பிரதமரா இருந்த கிழவர் அந்த்வான் கிசெங்கா. விவசாய மந்திரி, மொபுட்டுவின் மகன் நசாங்கா. தேர்தலில் நாலாவதா வந்து, கபிலாவுக்கு ஆதரவு குடுத்து வாங்கின பதவி.

அடுத்த விசேஷம் தை மாசம், மாமா வீட்டிலேயே. இந்தத் தடவை அவருக்கு எதிர் வரிசையில் உட்காரலாம்னு இருக்கேன்.

பி.கு: பேர்களை எல்லாம் தமிழில் எழுத நாக்கு சுளுக்கிக்கிச்சு. பிரெஞ்சு தெரிஞ்ச புதுச்சேரி நண்பர்கள் யாராவது இருந்தா உச்சரிப்பைப் பின்னூட்டத்தில் திருத்துங்க. இன்னொண்ணு, நுகுசா 1979-ல் மாட்டேன்னு சொல்லியிருக்க முடியுமா முடியாதான்னு என் வீட்டம்மாவும் நானும் ரெண்டு நாளா சண்டை. அவங்க முடியும்ங்கறாங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?